நடுவில் நின்ற முள்

பிப்ரவரி 4

அண்ணா,

நலமா, சாப்பிட்டாயா என்று ஆரம்பித்தால் அழுகைதான் வரும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் பெரியவர் படுத்துவிட்டார். பதறாதே, ஜீப்பைத்தான் சொல்கிறேன். ஏலத்தில் ஒருத்தரும் சீண்டாமல் கிடந்ததை இழுத்துவந்து, உயிர் கொடுத்து, என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாயே, அந்தப் பெரியவர் இப்போது பட்டறையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார். போனில் சொல்லலாம் என்றால் நீ வேலை செய்கிற கேம்பில் இருப்பது ஒரே போன். அதுவும் மேனேஜர் மேசையில். நான் அழுதால் துளைபோடும் மெஷின்காரர் வரைக்கும் கேட்கும்.

போன திங்கட்கிழமை நடந்தது. மேலே குடியிருப்பில் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்புகிறார்கள். பின்னால் சிமெண்ட் மூட்டை, மூட்டைமேல் ஆட்கள். மழை பெய்து வழியெல்லாம் சேறு. பாலம் தாண்டி இரண்டாவது வளைவில் உன் மாப்பிள்ளை வழக்கம்போல ஆரம்பித்தார். "கொஞ்சம் ஓரமா நிறுத்தேன்."

இதை உனக்கு எழுதவே இல்லை அல்லவா? ஒரு வருஷமாக அவருக்கு ஒரு வியாதி. மேட்டைக் கண்டால் போதும், ஒண்ணுக்கு வந்துவிடும். ஏறி முடிப்பதற்குள் மூன்று நான்கு தடவை இறங்குவார். தினமும் ஏறுகிறவர்கள் அவருக்கு 'அவசரம்' என்று பேரே வைத்துவிட்டார்கள். "என்னக்கா, இன்னிக்கு அவசரம் வரலையா?" என்று என்னிடமே கேட்பார்கள். அவரும் ஈ என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குத்தான் மானம் போகும். போர்டு எழுதுகிற கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு என்கூடவே ஏன் தொற்றிக்கொண்டு வர வேண்டும்? நான் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லை, அதுதான் காரணம்.

அன்றைக்கு எனக்கு எரிச்சல். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், "பேசாம உக்காருங்க. சின்னப் புள்ளையா நீங்க?" என்று. பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். அவர் மறுபடியும், "இல்ல, சத்தம் ஒரு மாதிரி இருக்கு, நிறுத்தேன்" என்றார். நான் எஞ்சின் சூடு காட்டுகிற மீட்டரைத் தட்டிக் காட்டினேன். "முள்ளைப் பாருங்க, நடுவுல நிக்குது. எங்க அண்ணன் சரி பண்ணின வண்டி, தெரியுதா?" அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வளைவுகூட வரவில்லை அண்ணா. போனட்டிலிருந்து குபுகுபு என்று ஆவி. எஞ்சின் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. நான் குதித்து இறங்கி, போனட்டைத் தூக்கி, கந்தலைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ. அவர் ஓடிவந்து என்னைப் பிடித்துத் தள்ளினார். நான் சேற்றில் விழுந்தேன். மூடி பிய்த்துக்கொண்டு போய், கொதிதண்ணீர் முழுக்க அவர் கையில் அடித்தது. வலது கை. பிரஷ் பிடிக்கிற கை.

மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வெந்துவிட்டது. விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுகிறேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. சாவியைத் திருப்பிய நொடியில் நடுவில் வந்து நிற்கிற முள் அண்ணா அது. எஞ்சின் செத்த பிறகும் அங்கேயே நின்றது. பிறகு எப்படிக் கொதித்தது? பட்டறைக்காரரிடம் என்ன சொல்லிச் சரிபார்க்கச் சொல்வது? சீக்கிரம் எழுது.

உன் வாண்டு

*

பிப்ரவரி 12

அன்புள்ள வாண்டுக்கு,

கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை கையை நினைத்தால் எனக்குக் கை ஓடவில்லை. புண்ணில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே. வயசான வண்டி, சேற்று வழி, ஏற்றம், பாரம். எந்த எஞ்சினும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

பட்டறைக்காரரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தைப் பார்க்கச் சொல். காட்டு வழியில் போகிற வண்டிக்கு உள்ளே அடைப்பதைவிட வெளியேதான் அதிகம் அடைக்கும். சேறும் புல் விதையும் அந்த மெல்லிய தகடுகளுக்குள் போய் உட்கார்ந்து காற்றை மறித்துவிடும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார், தொளதொளவென்று இருந்தால் மாற்று. ஃபேனைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்குமே, 'இது எதுக்கு வேண்டாத சுமை' என்று அதைக் கழற்றிவிடுவார்கள், விடாதே. மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் புது மூடி போடு. தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தால் குளிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. கெட்டுப்போயிருந்தால் வேறு மாட்டச் சொல். வெறும் தண்ணீர் ஊற்றாதே, கூலண்ட் கலந்து ஊற்று.

ஏறும்போது சின்ன கியரில் போ. சூடாகிறது என்று தோன்றினால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடு. வண்டிக்குள் வெந்துபோவீர்கள், ஆனால் எஞ்சின் பிழைக்கும். காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பி நிறுத்து, உடனே அணைக்காமல் கொஞ்சம் ஓடவிடு. ஆவி வந்துவிட்டால் மட்டும் உடனே அணைத்துவிடு. மூடியை ஆறும்வரை தொடவே கூடாது, இது உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், குற்றவாளி அந்த போர்டு. நீ அனுப்பிய போட்டோவில் பார்த்தேன். மாப்பிள்ளை உன் வண்டிக்கு அழகாக எழுதி முன்கிரில்லில் மாட்டியிருக்கிறாரே, அது. ரேடியேட்டர் மூக்கில் துணியைக் கட்டிய மாதிரி. காற்று எப்படி உள்ளே போகும்? அவர் ஆசையாகத்தான் செய்திருப்பார், குறை சொல்லவில்லை. ஆனால் எஞ்சினுக்கு ஆசை தெரியாது.

முள்ளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய மீட்டர், சில நேரம் அப்படித்தான். டேஷ்போர்டுப் பக்கம் யாரும் கை வைக்க வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிடு. வயரெல்லாம் காய்ந்து கிடக்கிறது, தொட்டால் ஒடியும். நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்

*

பிப்ரவரி 20

அண்ணா,

நீ சொன்னதை வரி விடாமல் பட்டறைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் இங்கயே இருந்திருந்தா எனக்குப் பொழப்பே இல்லம்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரேடியேட்டரில் நிஜமாகவே ஒரு கூடைச் சேறு. எஞ்சின் தலைப்பகுதி வெப்பத்தில் வளைந்துவிட்டதாம், கடைசலுக்கு அனுப்பியிருக்கிறார். நடுவில் இருக்கிற கேஸ்கெட் கருகிப்போய்விட்டது. ஆனால் பெரியவர் பிழைத்துவிடுவார்.

போர்டு விஷயம்தான் வினையாகிவிட்டது. உன் கடிதத்தை வாசித்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எல்லாம் என்னால்தான் என்று ராப்பகலாகச் செத்துக்கொண்டிருந்தேனா, ஆகா, என்னால் மட்டும் இல்லை என்றதும் ஒரு வெறி. அவர் முன்னாலேயே அந்த போர்டைக் கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தேன். "உங்க கலையைக் காட்ட வேற எடமே கெடைக்கலையா? என் வண்டி மூக்கை அடைச்சுட்டு, என்னமோ நான்தான் நிறுத்தலங்கற மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்களே!" என்று கத்தினேன். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கவே இல்லை. வலிக்கிறது, அவ்வளவுதான். அது எனக்கும் தெரியும், தெரிந்தும் கத்தினேன்.

அவர் எரிகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போர்டுதான் காரணம்னு அண்ணன் சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, இடது கையால் இரண்டு சட்டையை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். கட்டு மாற்றவும் அங்கேயே போகிறாராம். நாத்தனார் என்னை வழியில் பார்த்து, "என் தம்பி ஒரு வார்த்தை உன்னைக் குறை சொல்லல. அதான் எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

அவர் எழுதிய எழுத்துகள் அடுப்பில் ஒவ்வொன்றாகக் கருகின. இனி அந்தக் கை அப்படி எழுதுமோ எழுதாதோ. இருந்த ஒன்றையும் நான் எரித்துவிட்டேன்.

நீ ஒரு காரியம் செய். அவருக்கு இரண்டு வரி எழுது. போர்டு காற்றை மறைத்தது உண்மைதான், ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை என்று நீ சொன்னால் அவர் மனசு ஆறும். உன்மேல் அவருக்கு ரொம்ப மரியாதை.

வாண்டு

*

பிப்ரவரி 27

தங்கச்சி,

மாப்பிள்ளைக்கு இரண்டு வரி எழுத நாலு தாளைக் கிழித்தேன். எழுத முடியவில்லை. எழுத வேண்டியது உனக்குத்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ ஓட்டப் பழகிய புதிதில் பாதையைப் பார்க்க மாட்டாய், முள்ளைத்தான் பார்ப்பாய். அது மயிரிழை நகர்ந்தாலும் பிரேக்கை அழுத்திவிடுவாய். ஒரு தடவை வளைவு நடுவிலேயே நிறுத்திவிட்டாய், பின்னால் வந்த லாரி நம்மை இடிக்காமல் விட்டது யார் செய்த புண்ணியமோ. அன்றைக்குச் சாவியை என்மேல் வீசி எறிந்து, "எனக்கு இந்தச் சனியனே வேணாம், நீயே ஓட்டு" என்று அழுதாய்.

மறுநாள் பிடிவாதமாக உன்னை மறுபடி ஏற்றினேன் அல்லவா, "மீட்டரைச் சரி பண்ணிட்டேன், இனி முள் ஆடாது" என்று? சரி பண்ணவில்லை. எஞ்சினிலிருந்து முள்ளுக்கு வருகிற வயரை வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாக ரேடியோவில் போடுகிற ஒரு பொடி ரெசிஸ்டரை வைத்து டேப் சுற்றினேன். அதன் பிறகு எஞ்சின் பனிக்கட்டியாக இருந்தாலும், தீப்பிடித்து எரிந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். நீ பார்த்துப் பெருமைப்பட்டது எஞ்சினை அல்ல, என் பொய்யை.

ஒரு வாரம் போகட்டும், உனக்குத் தைரியம் வந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் வைத்தேன். இது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். கேம்ப் வேலைக்கு வரச்சொல்லி அப்போதே ஆள் வந்துவிட்டது. உன்னை ஒரு வழியில் ஏற்றிவிடாமல் நான் கிளம்ப முடியாது. நீ ஓட்டினால்தான் நான் போக முடியும். உன் பயம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது, அதனால் அதை அடைத்துவிட்டேன். வந்த பிறகு எழுத நினைத்த ஒவ்வொரு தடவையும் உன் கடிதத்தில் 'எங்க அண்ணன் வண்டி, முள் அசையாது' என்று ஒரு வரி இருக்கும். பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

நீ முதல் கடிதத்தில் முள்ளைப் பற்றிக் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததுகூடப் பரவாயில்லை, வெந்த கையோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன்மேல் பழியைத் தூக்கிப் போட்டேன் பார், அதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த போர்டு காற்றைக் கொஞ்சம் மறைத்திருக்கும்தான். ஆனால் முள் ஒழுங்காக இருந்திருந்தால், போர்டு மாட்டிய முதல் நாளே ஏறிக் காட்டியிருக்கும். நீயும் நிறுத்தியிருப்பாய். அது துளி அசைந்தாலே நிறுத்துகிறவள் நீ.

இதை மாப்பிள்ளையிடம் காட்டு. டேஷ்போர்டைக் கழற்றச் சொல். பின்னால் பச்சை டேப் சுற்றியிருக்கும்.

அண்ணன் என்று எழுதக் கூசுகிறது.

*

மார்ச் 14

தங்கச்சி,

கடிதம் கொண்டுவருகிற சரக்கு லாரி மூன்று தடவை வந்துவிட்டது. முதல் இரண்டு தடவை எனக்குக் கடிதம் இல்லை என்றார்கள். மூன்றாவது தடவை டிரைவரே என்னைக் கண்டதும் தலையை ஆட்டிவிட்டான், கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

திட்டியாவது எழுது. அவர் கை எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

*

மார்ச் 22

அண்ணா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதம் வந்த அன்றைக்குப் பட்டறைக்குப் போய் நானே டேஷ்போர்டைக் கழற்றினேன். பச்சை டேப். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை அந்தச் சாமான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பட்டறைக்காரர் பயந்துபோய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கிருந்து நேராக நாத்தனார் வீடு. உன் கடிதத்தை அவர் முன்னால் வீசினேன். "படிங்க, எங்க அண்ணன் லட்சணத்தை" என்றேன். அவர் படிக்கவே இல்லை. என் கையில் இருந்த டேப்பைப் பார்த்துவிட்டு, "அதை எடுத்துட்டியா?" என்றார்.

தெரியுமாம் அண்ணா. அவருக்கு ஒரு வருஷமாகத் தெரியுமாம். மீட்டரில் எண்கள் அழிந்துபோய்விட்டன, திருத்தி எழுதிக் கொடுங்கள் என்று நான்தான் அவரைக் கேட்டேன். கழற்றியபோது பார்த்திருக்கிறார். பச்சை டேப்பை நம்மில் யார் பயன்படுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"அப்ப ஏன் சொல்லல?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "நீ வண்டி ஓட்ற தைரியமே அந்த முள்ளுதானே. அதைப் பிடுங்கிட்டா நீ சாவியைத் தூக்கி எறிஞ்சுடுவேன்னு பயந்தேன். உங்க அண்ணன் லீவுல வந்தா சத்தமில்லாம எடுக்கச் சொல்லலாம்னு பாத்தேன். அவர் வரவே இல்ல" என்றார்.

இப்போதாவது புரிகிறதா, கடையைப் பூட்டிவிட்டு என்கூட எதற்கு வந்தார் என்று? முள்ளுக்குப் பதிலாக வந்திருக்கிறார். ஒவ்வொரு மேட்டிலும் இறங்கி, ரேடியேட்டரில் கையை வைத்துப் பார்த்து, ஆறும்வரை அங்கே நின்று கதை பேசிவிட்டு ஏறுவார். ஒண்ணுக்குப் போகிறவன் எவனாவது வண்டிக்கு முன்னால் போய் நிற்பானா? ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு இது உறைக்கவில்லையே. ஊரே 'அவசரம்' என்று கூப்பிட்டுச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"அன்னிக்கும் வாயைத் திறக்கலையே நீங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "நீ எல்லார் முன்னாடியும் எங்க அண்ணன் எங்க அண்ணன்னு சொல்லும்போது எப்படிச் சொல்றது? சொல்லியிருக்கணும். தப்புதான். உன் கை வெந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். வெந்த கையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சைப் பார்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பாப்பாவாக்கிவிட்டீர்கள். பயப்படுகிறவளுக்குச் சரியான இடத்தில் பயப்படக் கற்றுக்கொடுத்திருக்கலாம். உன்மேல் இருக்கிற கோபம் போகவில்லை. போனதும் எழுதுகிறேன். மன்னிப்பு கேட்கிறதாக இருந்தால் என்னிடம் கேட்காதே, லீவு போட்டு வந்து அவரிடம் கேள். அந்தப் பொடிச் சாமானை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். என் வீட்டில் இருக்க வேண்டாம்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு விரல் மடங்கவில்லை, மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கையால் எழுதிப் பழகுகிறார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி கோணல்மாணலாக வருகிறது. தாளைப் பிடித்துக்கொள்வது நான்.

பெரியவர் நேற்று ஓடினார். வயரைச் சரியாக இணைத்தாயிற்று. சாவியைத் திருப்பினேன், முள் அடியிலேயே படுத்துக்கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அது எழுந்து வந்தது, அப்படித்தான் வர வேண்டுமாம். வழியெல்லாம் ஆடுகிறது அண்ணா. கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. ஆனாலும் ஓட்டினேன்.

பாலம் தாண்டி அதே இரண்டாவது வளைவு. முள் நடுவைத் தாண்டியது. அவர் என் பக்கத்தில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானே காற்று வரும் பக்கம் திருப்பி ஓரங்கட்டினேன்.

பின்னாலிருந்து யாரோ, "என்னக்கா, அவசரமா?" என்று கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமா, எனக்குத்தான் அவசரம்" என்று சொல்லிவிட்டு இறங்கி, ரேடியேட்டர் பக்கம் போய் நின்றேன்.

தங்கை